தாளம் வந்தது, சொல் எங்கே?

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



மரபுக் கவிதை, புதுக்கவிதை, ஐக்கூ என்று கவிதையின் வடிவங்களையே பத்தாண்டுகளாக விவாதித்து வந்த ஓர் இலக்கிய வட்டத்தில், மின் கிதாரும் பெருமுரசும் முழங்கும் இசையைப் பற்றி ஓர் உரை இடம்பெறுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும் இவ்வுரையின் பொருள் இசை மட்டுமன்று. சொல்லை எண்ணிக் கட்டும் கலையைக் கைவிட்ட கவிஞர்களும், எண்ணிக்கையைக் கைக்கொண்டு சொல்லுக்காகக் காத்திருக்கும் இசைஞர்களும் ஒருவரையொருவர் அறியாமல் ஒரே காலத்தில் வாழ்ந்து வருகின்றனர் என்பதே இங்குச் சொல்லப்படவிருப்பது.

முதலில் பெயர். புரோகிரஸிவ் ராக் என்பதை முற்போக்கு ராக் என்று மொழிபெயர்த்தால் தமிழகத்தில் வேறு பொருள் வந்துவிடும். செங்கொடியும் சிறுகதைப் போட்டியும் நினைவுக்கு வரும். இங்கே அச்சொல் அரசியலைக் குறிப்பதன்று. பாட்டு ஒரே பல்லவிக்குத் திரும்பத் திரும்ப வந்து நிற்காமல், பகுதி பகுதியாக வளர்ந்து செல்வதைக் குறிப்பது. ஆதலால் ஆங்கிலப் பெயரையே வைத்துக்கொள்வது நல்லது.

இவ்விசை இங்கிலாந்தில் 1960களின் இறுதியில் தோன்றியது. கிங் கிரிம்ஸன் குழுவின் முதல் தொகுப்பு 1969இல் வெளிவந்தபோது, மூன்று நிமிடப் பாட்டுகளுக்குப் பழகிய செவிகள் நெடும்பாட்டைச் சந்தித்தன. அடுத்த ஆண்டே பிளாக் சாபத் குழு மெட்டல் என்னும் கனத்த இசைக்குக் கால்கோள் இட்டது. இவ்விரு ஓடைகளும் பின்னர்க் கலந்தன. 1992இல் அமெரிக்காவின் டிரீம் தியேட்டர் குழு வெளியிட்ட இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸ் தொகுப்பு அக்கலப்பைப் பெருவாரியான இளைஞர்களிடம் கொண்டு சேர்த்தது. ஒரு தொகுப்பு முழுவதையும் ஒரே கதையாக அமைப்பது, ஒரு பாட்டை இருபது நிமிடம் வரை நீட்டுவது, நான்கின் மடங்கில் அடங்காத தாளங்களைக் கையாள்வது ஆகியவை இம்மரபின் அடையாளங்கள்.

மூன்றாவதாகச் சொன்ன தாளம்தான் தென்னாட்டாருக்கு வாசல். பிங்க் ஃபிளாய்ட் குழுவின் மணி என்ற பாட்டு 1973இல் வந்தபோது, அது ஏழு எண்ணிக்கையில் ஓடுவதை மேலைநாட்டுச் செவிகள் புதுமையாகக் கருதின. மிஸ்ர சாபுவில் கீர்த்தனை கேட்டு வளர்ந்த ஒருவருக்கு அதில் வியக்க என்ன இருக்கிறது? திஸ்ரம், சதுஸ்ரம், கண்டம், மிஸ்ரம், சங்கீர்ணம் என மூன்று, நான்கு, ஐந்து, ஏழு, ஒன்பது என்னும் ஐந்து எண்களையும் விரல்நுனியில் வைத்திருந்த மரபு இது. திருப்புகழின் சந்தங்களை வாய்விட்டுப் பாடிப் பார்த்தவர்களுக்குத் தனியே விளக்க வேண்டியதில்லை.

சுவீடன் நாட்டு மெஷுகா குழுவின் இசையை எடுத்துக்கொள்ளலாம். 2022இல் வந்த இம்மியூட்டபிள் அக்குழுவின் அண்மைத் தொகுப்புகளுள் ஒன்று. முதற்கேள்வியில் அது இரும்பாலையின் ஓசைபோலவே தோன்றும். ஆனால் உற்றுக் கேட்டால், தாளத்தட்டு நான்கு நான்காக நடைபோட, கிதார்கள் வேறொரு கணக்கில் அதை எதிர்த்துச் செல்வது புலப்படும். எளிய எண்களில் சொல்வதானால், ஏழெண்ணிக்கைச் சொற்கட்டு ஒன்று ஒன்பது முறை வந்தால் 63. அதனோடு ஓர் எண் சேர்ந்தால் 64. அதுவே பதினாறின் நான்கு மடங்கு. இரு கணக்கும் அங்கே சந்திக்கின்றன. மிருதங்கக் கலைஞர் கோர்வை வைத்துச் சமத்தில் வந்து இறங்கும் இடத்தில் சபையினர் தலையசைப்பார்களே, அதே இன்பம்தான் இது. தலையை அசைக்கும் வேகம் மட்டும் வேறு.

கவிஞர்களுக்கு இன்னும் நெருக்கமான சான்று ஒன்று உண்டு. அமெரிக்கக் குழுவான டூல், 2001இல் வெளியிட்ட லேட்டரலஸ் என்னும் பாட்டில், பாடகர் தம் வரிகளை அசை எண்ணி எழுதியிருக்கிறார். ஒன்று, ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, எட்டு என்று அசைகள் ஏறி, மீண்டும் ஐந்து, மூன்று என இறங்குகின்றன. இத்தாலியக் கணித அறிஞர் ஃபிபனாச்சியின் பெயரால் உலகம் இவ்வெண்வரிசையை அழைக்கிறது. ஆனால் அவருக்கு முன்பே, பன்னிரண்டாம் நூற்றாண்டில், குஜராத்தின் சமண அறிஞர் ஹேமசந்திரர் யாப்பிலக்கணம் எழுதுகையில் இதைக் கணக்கிட்டிருந்தார். ஒரு மாத்திரைக் குறிலையும் இரு மாத்திரை நெடிலையும் கொண்டு நான்கு மாத்திரை அடியை எத்தனை விதமாக நிரப்பலாம்? ஐந்து விதம். ஐந்து மாத்திரை அடியை? எட்டு விதம். யாப்பின் வயிற்றில் பிறந்த எண்கள், எட்டு நூற்றாண்டு கழித்து ஒரு மெட்டல் பாட்டில் வந்து அமர்ந்தன என்பதை யாப்பு படித்தோர் அறிந்திருப்பது நன்று.

தென்னாட்டுத் தாளம் இவ்விசைக்குள் சென்ற வழி தற்செயலானதன்று. ஆங்கிலேயக் கிதார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின் 1971இல் மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவின் முதல் தொகுப்பை வெளியிட்டார். பின்னர் மின் ஒலியை விடுத்து, வயலின் எல். சங்கர், கடம் விக்கு விநாயகராம், தபலா ஜாகிர் உசேன் ஆகியோருடன் சக்தி குழுவைத் தொடங்கினார்; அதன் முதல் தொகுப்பு 1976இல் வந்தது. அதே பெயரில், விநாயகராமின் மைந்தர் செல்வகணேஷ் உட்பட அடுத்த தலைமுறையினரையும் கொண்டு, 2023இல் திஸ் மோமெண்ட் என்ற தொகுப்பு வெளிவந்து 2024இல் கிராமி விருது பெற்றது. அதே ஆண்டின் இறுதியில் ஜாகிர் உசேன் மறைந்தார். ராக் என்ற பெயருக்குள் சக்தி அடங்காது. எனினும் கொன்னக்கோல் என்னும் சொல்லை மேலைநாட்டு முரசுக் கலைஞர்களின் வாயில் புகுத்தியதில் அக்குழுவின் பங்கு பெரிது.

தமிழகத்திலும் 1986இல் இளையராஜாவின் ஹவ் டு நேம் இட் ஒலிநாடாவாக வந்தபோது, சொல்லற்ற இசையைத் தனியே அமர்ந்து கேட்கும் பழக்கம் பல நடுத்தர வீடுகளில் தொடங்கியது. ஆனால் அத்தொகுப்பில் சொல் இல்லை என்பதையும் மனத்தில் வைக்க வேண்டும்.

இனி இந்தியத் தொகுப்புகளுக்கு வரலாம். கேட்டே ஆக வேண்டியவற்றுள் முதலிடம் பெங்களூரின் அகம் குழுவுக்கு உரியது. குழுவின் பெயரைக் கேட்டதும் சங்க இலக்கியம் பயின்றோர் நிமிர்ந்து உட்காரக்கூடும். 2003இல் தொடங்கிய இக்குழு, சன் தொலைக்காட்சியில் ஏ.ஆர். ரகுமான் நடுவராக இருந்த ஊலலலா போட்டியில் வென்று வெளிச்சத்துக்கு வந்தது. ஹரீஷ் சிவராமகிருஷ்ணன் பாடுகிறார், வயலினும் வாசிக்கிறார். 2012இல் தி இன்னர் செல்ஃப் அவேகன்ஸ், 2017இல் எ டிரீம் டு ரிமெம்பர், 2025இல் அரைவல் ஆஃப் தி ஈத்தரியல் என மூன்று தொகுப்புகள்.

முதற்றொகுப்பில் ஸ்வான்ஸ் ஆஃப் சரஸ்வதி என்ற பாட்டு உள்ளது. அது தியாகராஜரின் பண்டுரீதி கீர்த்தனை; ராகம் ஹம்ஸநாதம். பல்லவியின் ஒவ்வொரு சங்கதிக்கும் மேல் மற்றொரு சங்கதி ஏறுவது கச்சேரி மரபு. இங்கே சங்கதிகளுக்கு நடுவே கிதாரும் முரசும் ஒவ்வொரு படியாகக் கனத்துக்கொண்டே செல்கின்றன. கீர்த்தனையின் மேல் கிதாரை ஒட்டவைத்த வேலை என்று இதைத் தள்ளிவிட முடியாது. சங்கதி வளர்வதும் ராக் இசையில் ஒரு சொற்கட்டு வளர்வதும் ஒரே தன்மையன என்பதைக் கண்டுகொண்ட வேலை. இரண்டாம் தொகுப்பில் நளினகாந்தி ராகத்து மனவ்யாளகிஞ்சராததே கீர்த்தனை மிஸ்ட் ஆஃப் கேப்ரிகார்ன் என்ற பெயரில் இடம்பெற்றது. அதில் மெருகு கூடிற்று. முதற்றொகுப்பின் கரடுமுரடான துணிவு சற்றே குறைந்தது என்றும் சொல்ல வேண்டும்.

அகம் குழுவின் பெருமையும் எல்லையும் ஒன்றே. தியாகராஜர் 1847இல் மறைந்தவர். அவர் சொற்கள் அவருடைய இசைக்காகப் பிறந்தவை. அவற்றின் மேல் இன்றைய இடியையும் மின்னலையும் ஏற்றும்போது இசை புதிதாகிறது. சொல் பழைய வீட்டிலேயே இருக்கிறது. இறைவனிடம் பணிந்து நிற்கும் தொண்டனின் மன்றாட்டைக் கிதார்ப் புயலுக்கு நடுவில் கேட்கும்போது எழும் சிலிர்ப்பு உண்மையானதே. அதே சிலிர்ப்பை இன்று பிறந்த ஒரு சொல்லால் எழுப்ப இயலுமா என்ற கேள்வி அத்தொகுப்புகளில் கேட்கப்படவில்லை.

பெங்களூரின் இன்னொரு குழு பிராஜெக்ட் மிஸ்ரம். பெயரிலேயே ஏழு இருக்கிறது. 2021இல் வந்த மீசோ என்னும் தொகுப்பில் கர்நாடகக் குரலும் மெட்டலின் உறுமலும் துள்ளலும் நகைச்சுவையும் ஒரே பாட்டுக்குள் மோதிக்கொள்கின்றன. அகம் குழுவின் கம்பீரம் இதில் இல்லை, விளையாட்டு உண்டு. கொச்சியின் மதர்ஜேன் குழு 2008இல் வெளியிட்ட மக்தூப் அண்மைக்காலத்தது அன்று. ஆனாலும் அதை விட்டுவிட முடியாது. பைஜு தர்மஜன் கிதாரில் கமகங்களை இழைத்த விதம் பின்வந்த பலருக்கு இலக்கணமாயிற்று. அதன் பாட்டு மொழி ஆங்கிலம். தில்லியில் கேசவ் தர் தொடங்கிய ஸ்கைஹார்பர் குழுவின் கைடிங் லைட்ஸ் 2014இல் வந்தது, பாடியவர் ஆங்கிலேயர், மொழியும் ஆங்கிலம். சென்னையின் ஜடாயு குழு 2019இல் சாங்கோ டேல்ஸ் என்ற நல்ல தொகுப்பைத் தந்தது; அது பெரும்பாலும் கருவியிசை.

கடல் கடந்த தமிழரிடம் சென்றாலும் நிலைமை மாறவில்லை. சிங்கப்பூரில் 1992இல் தமிழ் வம்சாவளி இளைஞர்கள் தொடங்கிய ருத்ரா குழு, வேதாந்தத்தை மெட்டலில் பாடி உலகறிந்தது. பிரம்மவித்யா என்னும் தலைப்பில் 2005, 2009, 2011 ஆகிய ஆண்டுகளில் மூன்று தொகுப்புகளை ஒரு தொடராக வெளியிட்டது. உபநிடதத் தத்துவத்தை இத்தனை தீவிரமாக எடுத்துக்கொண்ட மெட்டல் குழு உலகில் வேறு இருப்பது அரிது. ஆனால் அதன் மொழிகள் ஆங்கிலமும் சமஸ்கிருதமும்.

தெலுங்கு உண்டு, சமஸ்கிருதம் உண்டு, ஆங்கிலம் உண்டு. தில்லியின் பிளடிவுட் குழு இந்தியிலும் பஞ்சாபியிலும் உறுமி, 2019இல் ஜெர்மனியின் வாக்கன் பெருவிழா மேடை வரை சென்றது. 2022இல் ரட்சக் என்ற தொகுப்பையும் தந்தது. நுட்பத்தில் அது மற்றவற்றுக்குப் பின்தான். ஆனால் சொந்த மொழியில் கத்தினால் உலகம் காதைப் பொத்திக்கொள்ளாது என்பதை மெய்ப்பித்துவிட்டது. தமிழ் எங்கே?

அறவே இல்லை என்று சொல்லிவிடக் கூடாது. 2005இல் இளையராஜா திருவாசகத்தைப் புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவோடு பதிவு செய்தார். தமிழ்ச் சொல் ஒரு நெடிய இசை வடிவத்தைத் தாங்கும் என்பதற்கு அது சான்று. 2011இல், இலண்டனில் பிறந்த தமிழ்ப் பெண் சுசீலா ராமன், வேல் என்ற தொகுப்பை வெளியிட்டார். முருக பக்திப் பாடல்களை ஆவேசம் கொண்ட குரலில், கிதாரின் சூட்டோடு பாடியிருக்கிறார். அப்பாடல்களுக்காக அவர் பாடம் கேட்டவர்களுள் ஒருவர் கோவை கமலா. பழனிக்குக் காவடி செல்லும் வழியில் இருக்கும் தாராபுரத்தார்க்கு அந்த ஆவேசம் அந்நியமன்று. 2018இல் சென்னையில் மேடையேறிய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் கானாவையும் ராக்கையும் இணைத்து, இன்றைய தமிழில், இன்றைய கோபத்தைப் பாடியது. இசையமைப்பில் அது புரோகிரஸிவ் ராக் அன்று. சொல்லில் மற்ற எல்லாரையும்விட அதுவே முன்னே நிற்கிறது. ஒன்றில் பழஞ்சொல் நெடிய வடிவத்தில் இருக்கிறது. மற்றொன்றில் புதுச்சொல் குறுகிய வடிவத்தில் இருக்கிறது. இரண்டும் கூடிய தமிழ்த் தொகுப்புக்கு இடம் காலியாகவே கிடக்கிறது.

இதற்குக் காரணம் இசைஞர்கள் மட்டுமல்லர். 1959இல் எழுத்து இதழ் புதுக்கவிதைக்கு இடம் தந்தது. 1971இல் கோவையிலிருந்து வானம்பாடி கிளம்பியது. யாப்பின் தளை அறுந்ததை விடுதலை என்று கொண்டாடியதில் பிழையில்லை; வெறும் செய்யுள் செய்வோரிடமிருந்து கவிதையை மீட்க வேண்டியிருந்தது. ஆனால் தளை அறுந்தபோது எண்ணும் பழக்கமும் அறுந்தது. வானம்பாடிகளிடம் முழக்கம் இருந்தது. மேடையை அதிரவைக்கும் ஓசை இருந்தது. அவர்களுக்குப் பின்வந்தோர் அந்த ஓசையையும் ஐயுற்று, அச்சுத்தாளின் மௌனத்துக்குள் கவிதையைக் கொண்டு சென்றனர். எண்ணிக் கட்டும் வேலை முழுவதும் திரைப்பாட்டுக்குப் போயிற்று. அங்கே மெட்டு முதலில் வருகிறது. நான்கைந்து நிமிடத்தில் காதல் முடிந்துவிட வேண்டும். பதினெட்டு நிமிடம் ஓடும் ஏழெண்ணிக்கைப் பாட்டுக்கு எழுத வேண்டுமென்று ஒரு குழு இன்று தமிழ்க் கவிஞரைத் தேடினால், எந்தக் கதவைத் தட்டும்? யாப்பறிந்தவர் வாழ்த்துப்பா எழுதுகிறார். இன்றைய வாழ்வை எழுதுபவர் சீர் பிரிக்க மறுக்கிறார்.

மேலைநாட்டில் அண்மையில் வந்த இரு தொகுப்புகள், நெடிய இசையில் சொல் என்ன செய்யக்கூடும் என்பதைக் காட்டுகின்றன. ஸ்டீவன் வில்சன் 2025இல் வெளியிட்ட தி ஓவர்வியூ தொகுப்பில் இருப்பவை இரண்டே பாட்டுகள். ஒன்று சுமார் 23 நிமிடம். மற்றது 18 நிமிடம். விண்ணிலிருந்து பூமியைப் பார்க்கும் வீரர்களுக்கு ஏற்படும் மனமாற்றமே பொருள். எக்ஸ்.டி.சி. குழுவின் ஆண்டி பார்ட்ரிட்ஜ் ஒரு பகுதிக்குச் சொல் எழுதினார். அன்றாட வீட்டு நிகழ்ச்சிகளையும் விண்மீன்களின் அழிவையும் அவர் அடுத்தடுத்து வைக்கிறார். கடையில் வாங்கிய பொருள் கீழே விழுவதும் எங்கோ ஒரு சூரியன் அணைவதும் ஒரே மூச்சில் வருகின்றன. இந்த உத்தியைப் புதுக்கவிதை நன்கறியும்.

மற்றொன்று சுவீடனின் ஓபெத் குழு 2024 நவம்பரில் வெளியிட்ட தி லாஸ்ட் வில் அண்ட் டெஸ்டமெண்ட். அண்மைத் தொகுப்புகளுள் ஒன்றை மட்டும் கேட்க நேரமிருப்பவர்கள் இதையே கேட்கலாம். முதல் உலகப் போருக்குப் பிந்தைய காலம். ஒரு செல்வந்தர் இறந்துவிட்டார். பிள்ளைகள் கூடியிருக்க, அவருடைய உயில் வாசிக்கப்படுகிறது. பாட்டுகளுக்குத் தலைப்பே இல்லை. ஒன்று முதல் ஏழு வரை, சட்ட ஆவணங்களில் காணும் பத்திக்குறியும் எண்ணும்தான். ஒவ்வொரு பத்தியிலும் குடும்பத்தின் ஒரு மறைவிடம் திறக்கிறது; யார் யாருடைய இரத்தம் என்பது புரண்டுகொண்டே செல்கிறது. எட்டாவது பாட்டுக்கு மட்டும் பெயர் உண்டு. ஜெத்ரோ டல் குழுவின் இயன் ஆண்டர்சன் குழலும் வாசித்து, வாசகங்களையும் பேசியிருக்கிறார். 2008க்குப் பின் தொகுப்புகளில் கைவிட்டிருந்த உறுமற்குரலை மிக்கேல் ஆக்கர்ஃபெல்ட் இதில் மீண்டும் எடுத்தார். அது வெறும் அலங்காரமன்று. இறந்தவர் அதிகாரத்தோடு பேசும் இடங்களில் உறுமல். ஐயமும் துயரமும் வரும் இடங்களில் தெளிந்த குரல். இரைச்சல் என்று இவ்விசையை ஒதுக்குவோர் இந்த ஒரு தொகுப்பில், உறுமல் எங்கே தொடங்கி எங்கே நிற்கிறது என்பதை மட்டும் கவனித்தால் போதும். கேட்ட பிறகும் பிடிக்கவில்லை என்றால் அது வேறு செய்தி.

உயில், பங்கு, பங்காளிப் பகை என்னும் பொருள்கள் கொங்கு நாட்டுக்குப் புதியனவா? அண்ணன்மார் கதை மூன்று தலைமுறையின் நிலமும் பங்காளிப் பகையும் பற்றிய நெடும்பாட்டு அன்றோ! கனடாவைச் சேர்ந்த மானிடவியலாளர் பிரெண்டா பெக், காங்கேயம் பகுதியின் ஓலப்பாளையத்தில் தங்கி, 1965இல் அக்கதையை உடுக்கைப் பாடகர்கள் பல இரவுகள் பாட, ஒலிநாடாவில் பதிவு செய்தார். 1982இல் த்ரீ ட்வின்ஸ் என்னும் ஆய்வு நூலும், 1992இல் சென்னை ஆசியவியல் நிறுவனத்தின் வழியே தமிழும் ஆங்கிலமுமாகக் கதை முழுவதும் வெளிவந்தன. அதில் தலைமைப் பாடகர் ஒருவர். துணைப் பாடகர் ஒருவர். பாட்டும் வசனமும் மாறி மாறி வருகின்றன. உடுக்கையின் வேகம் கதையின் சூட்டோடு ஏறி இறங்குகிறது. கொம்பன் என்னும் காட்டுப்பன்றி வீழும் பகுதியும், தங்காள் அண்ணன்மாரைத் தேடிப் படுகளம் வரும் பகுதியும் தனித்தனித் தொகுப்புக்குப் போதுமானவை. படுகளத்தில் இளைஞர்கள் மாண்டவர்போல் விழுந்து, நீர் தெளிக்க எழும் சடங்கைக் கண்டவர்களுக்கு, மெட்டல் மேடையின் ஆவேசம் பெரிய அதிர்ச்சி தருவதில்லை.

அக்கதையைத் தொடும் கவிஞர் ஒன்றை எதிர்கொள்ள நேரும். இன்று அது பெரும்பாலும் ஒரு தரப்பின் பெருமிதப் பாட்டாகவே சுருங்கிவிட்டது. எதிரே நின்ற வேட்டுவர்க்கும் காடு இருந்தது, இழப்பு இருந்தது. அவர்களுக்கு ஒரு குரல் கொடுக்காமல் எழுதினால், பழைய உடுக்கைக்குப் புதிய மின்சாரம் ஏற்றிய கதையாகவே முடியும். அகம் குழுவின் எல்லை அங்கும் வந்து நிற்கும். இரண்டு குரல்களைத் தாங்கும் வடிவம் கையருகில் இருப்பதால்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கேட்கத் தொடங்குவோர்க்கு ஒரு வரிசை: முதல் நாள் அகம் குழுவின் பண்டுரீதி, ராகம் தெரிந்திருப்பதால் அச்சம் வராது. மறுநாள் சுசீலா ராமனின் வேல். அதன் பின் ஓபெத், சொற்கள் அச்சான தாளைக் கையில் வைத்துக்கொண்டு, முதல் பத்தி முதல் எட்டாம் பாட்டு வரை இடையில் எழாமல். மெஷுகாவைக் கடைசியில் வைக்கலாம். காதொலிப்பான் வேண்டும், வலக்கையால் தொடையில் நான்கு நான்காகத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கிதார் எங்கோ விலகிச் சென்று, கை தளரத் தொடங்கும் வேளையில் சமத்தில் வந்து இறங்கும்.